சந்தேகமும் ஒரு பிரமாணமே

அன்பார்ந்த தம்பிக்கு,

போர் விமானங்களுக்கு வழிகாட்டும் சாதனங்களை அமைக்கும் பணியில் நீ அமர்ந்த செய்தி கேட்டு மகிழ்ந்தேன். செயற்கைக்கோள்களைக் கொண்டே விமானத்தின் ஸ்தானத்தைச் சில மீட்டருக்குள் அறிந்துவிட முடியும்போது, பழைய ஜடத்துவச் சாதனத்தையும் எதற்காகச் சுமக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய்.

1953-ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பரின் குழுவினர், மாஸசூஸெட்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை ஒரு பி-29 விமானத்தை இந்த ஜடத்துவ முறையாலேயே செலுத்திக் காட்டினர். கைரோக்கள் திரும்புதலையும் முடுக்கமானிகள் வேக மாறுதலையும் அளந்து தர, அவற்றை இடைவிடாது கூட்டித் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும் அச்சாதனம், வெளியிலிருந்து எந்தக் குறிப்பையும் யாசிப்பதில்லையாதலால், பகைவனால் அதன் வாயை அடைக்க இயலாது. ஆயினும் கைரோவில் மணிக்கு 0.01 பாகை என்னும் அற்பப் பிறழ்ச்சியே, ஒரு மணி நேரப் பிரயாணத்தில் அரைக் கடல் மைலுக்கு மேற்பட்ட பிழையாக வளர்ந்துவிடும். செயற்கைக்கோள் முறையாகிய ஜி.பி.எஸ்.ஸின் பிழையோ காலத்தோடு வளர்வதில்லை. ஆனால் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அதன் சமிக்ஞை, ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடக்கும் அளவுக்கு நலிந்தது. எளியதொரு ஜாமரே அதை மூழ்கடித்துவிடும்.

இவ்விரண்டையும் இணைப்பது, ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்ட முறையில் அமைந்த ஃபில்டர். ஜி.பி.எஸ். கிடைக்கும் வேளையில் கைரோவின் பிறழ்ச்சியை அது கற்றுக்கொள்வதால், சமிக்ஞை அற்றுப்போன பின்னும் ஜடத்துவச் சாதனம் சிறிது காலம் முன்னினும் செம்மையாக நடக்கிறது. கைம்மாறாக, விமானத்தின் வேகத்தை ரிசீவருக்கு முன்கூட்டியே உணர்த்தி, இரைச்சலினிடையே சமிக்ஞையை நழுவவிடாமல் பற்றியிருக்க அச்சாதனம் துணை புரிகிறது. நான்கு செயற்கைக்கோள்களுக்குக் குறைவாகத் தெரியும்போதும் பயன் கிட்ட வேண்டுமாயின், ரிசீவர் கணித்த ஸ்தானத்தை விடுத்து, ஒவ்வொரு கோளின் தூர அளவையும் நேரே ஃபில்டருக்கு அளிக்கும் இறுகிய பிணைப்பையே தேர்ந்துகொள். ஆன்டெனாவுக்கும் கைரோத் தொகுதிக்கும் இடையேயுள்ள தூரத்தையும் கவனமாக அளந்து கணக்கில் சேர். விமானம் வேகமாக உருளும்போது அவ்விரண்டின் வேகமும் ஒன்றாயிராது.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. ஃபில்டர் இடத்தைச் சொல்வதோடு, அதில் தனக்குள்ள சந்தேகத்தின் அளவையும் கணித்துச் சொல்கிறது. பரீட்சை வரைபடம் அழகாக அமையவேண்டுமென்று அச்சந்தேகத்தை நீ குறைத்து வைத்தால், ஃபில்டர் தன் கணக்கிலேயே கர்வங்கொண்டு மெய்யான அளவீட்டையும் புறக்கணிக்கும், ஜி.பி.எஸ்.ஸின் பிழையை அளவுக்கு மீறிச் சிறிதாகக் கொண்டாலோ, பகைவன் அனுப்பும் பொய்ச் சமிக்ஞையையும் தயங்காது விழுங்கும். ஆகையால், வரும் ஒவ்வோர் அளவீட்டையும் ஃபில்டரின் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே ஏற்கச் செய். செயற்கைக்கோள்களின் வாடையே படாத தூய ஜடத்துவக் கணிப்பையும் தனியே ஓடவிடு. ஏமாற்றப்பட்டோம் என்று தெரியவரும் வேளையில் திரும்பிச் சேர்வதற்கு அதுவே புகலிடம்.

சோதனைச் சாலையில் பெறும் பாராட்டைப் பெரிதாக எண்ணாமல், தன் பிழையின் அளவை ஒளிக்காது உரைக்கும் சாதனத்தை விமானிக்கு அளிப்பாயாக.