மருமகளுக்கு ரத்தம் எட்டுதான்

கேள்வி: ஏழு மாதமாக இருக்கும் என் மருமகளுக்கு ஹீமோகுளோபின் 8. சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது. கேழ்வரகுக் களியும் பேரீச்சம்பழமும் போதாதா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: போதாதம்மா. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே இறங்கினால் பெரிய ஆபத்து. கேழ்வரகு நல்ல உணவுதான். ஆனால் அதிலுள்ள இரும்பைக் குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். மாத்திரையை நிறுத்தாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்துப் பாருங்கள். டீ, கால்சியம் மாத்திரை இரண்டும் அதோடு சேரக்கூடாது. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அயர்ன் சுக்ரோஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். டிரிப்ஸில் கலந்து ஏற்றுவார்கள். ஏழாம் மாதத்தில் தள்ளிப்போட நேரமில்லை.

நான் இவ்வளவு அவசரப்படுத்துவது பிரசவ நேரத்தை நினைத்துத்தான். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடும். ரத்தம் நிறைவாக உள்ளவள் தாங்குவாள். 8 உள்ளவள் அதற்கு முன்பே தளர்ந்துவிடலாம். கருப்பை சுருங்க ஆக்ஸிடாசின் ஊசி உடனே போடுவார்கள். இருந்தாலும், ரத்த வங்கி உள்ள தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்க இப்போதே பேசிவையுங்கள். வத்தல்மலை, சித்தேரி மலைக்காரர்கள் வலி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கீழே வந்துவிட வேண்டும். இடையில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ 108-ஐ அழையுங்கள். அவளுடைய ரத்த வகையைக் குறித்துவைத்து, ரத்தம் கொடுக்க உறவில் இரண்டு பேரிடம் சொல்லியும் வையுங்கள்.