மனக்கிணற்றில் உவர் ஏறாமல் காப்போம்



"மனசு விட்டுப் போச்சு ஐயா." லயத்துக்கு லயம் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வறட்சியில் கொழுந்து இல்லை, பேர் குறைகிறது. அடகு வைத்த தோடு மூழ்கப் போகிறது. வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிறார். மகன் பரீட்சையில் தவறிவிட்டான். ஒவ்வொன்றாக வந்தால் தாங்கிக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து வந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் மனம் சோர்ந்து போகும். அது கோழைத்தனம் அல்ல.

மனத்தைரியம் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்தது, நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். அது கிணற்றுத் தண்ணீரைப் போன்றது. இதை விளக்குவதற்கு உங்களை நமது மலையிலிருந்து ஒரு தீவுக்கு அழைத்துப் போகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் அனலைதீவு என்ற சிறிய தீவு இருக்கிறது. பாலம் கிடையாது. ஊர்காவற்துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். நம்ம பக்கம் போல ஆறோ பீலியோ அங்கே இல்லை. மழையை நம்பித்தான் கிணறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது அல்லவா? அளவோடு அள்ளினால் வருஷம் முழுவதும் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். பிறகு மழை பெய்து நிலம் தேறும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை அறிந்துதான் அந்த மக்கள் புகையிலைத் தோட்டம் செய்து பிழைத்து வந்தார்கள். அவர்களிடம் நாம் கற்க மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது பாடம்: அளவோடு அள்ளுங்கள்

நமது தோட்டத்தில் ஒரு அக்கா. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். பகலில் மலை, ஞாயிற்றுக்கிழமை கைக்காசு, இரவில் தையல். "நான் கல்லு மாதிரி இருக்கணும்" என்று சொல்லி யாரிடமும் ஒரு உதவி கேட்க மாட்டார். ஒரு நாள் பிள்ளை மடுவத்து வாசலில் என்னை நிறுத்தி, "நான் இல்லாட்டி என் புள்ளைகள யாராச்சும் பாத்துக்குவாங்களா ஐயா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மனக்கிணற்றில் உவர் ஏறிவிட்டதென்று விளங்கியது.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டு உழைப்பது தைரியமல்ல. கல்லு மாதிரி இருப்பதும் தைரியமல்ல. இன்று முடியாததை நாளைக்கு வைப்பதும், "ஒரு கை கொடுங்க" என்று கேட்பதும் கிணற்றைக் காக்கும் வழிகள்.

இரண்டாவது பாடம்: காற்றுக்கு முன்னே சேர்த்து வையுங்கள்

கடல் கொந்தளித்தால் தீவுக்குப் படகு ஓடாது. நோயாளியும் காத்திருக்க வேண்டும், அரிசி மூட்டையும் காத்திருக்க வேண்டும். ஆகவே தீவு மக்கள் நல்ல காலத்திலேயே பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியல் ஆக்குவார்கள். பனம்பழச் சாற்றை வெயிலில் வார்த்துப் பனாட்டு ஆக்குவார்கள். மீன் கூடினால் கருவாடு.

நாமும் கொழுந்து கூடின மாதத்தில் கொஞ்சம் ஒதுக்குவோம். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு, எடுக்க வசதியான இடத்தில் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டதை நாம் மறக்க முடியாது. எதையும் பொறுத்துப் போவது தைரியம் என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். மலையில் வெடிப்புத் தெரிந்தால், கிணற்றுத் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ திடீரெனக் கலங்கினால், பொறுக்க வேண்டாம். உடனே வெளியேறுங்கள். பாதுகாப்பான இடம் கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது பாடம்: கஷ்டமான நேரத்தில் தனியே விடாதீர்கள்

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். அன்று இரவு பக்கத்துக் காம்பராப் பாட்டி பாயை எடுத்துக்கொண்டு வந்து அவருடன் படுத்துக்கொண்டார். பாட்டி புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாதர் சங்கத்துப் பெண்கள் மாறி மாறிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இன்று வேறொரு வீட்டில் கஷ்டம் என்றால் முதலில் போய் நிற்பது அந்த அக்காதான். அவர் சம்மதித்தபடியால் இதை எழுதுகிறேன்.

ஒரு உண்மையைக் கவனியுங்கள். 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன் பிறகு கொடிய விஷமுள்ள பூச்சி மருந்துகளையும் களைக்கொல்லிகளையும் அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. யுத்தமும் வறுமையும் உடனே தீரவில்லை. ஆனாலும் அடுத்த இருபது வருஷத்தில் அந்தச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. காரணம் என்ன? உயிரை விட நினைக்கும் அந்த நேரம் நிலைத்து நிற்பதில்லை. அது கடந்து போனால் பெரும்பாலானவர்கள் வாழவே விரும்புகிறார்கள். ஆகவே மருந்துப் போத்தல்களை வீட்டில் வைக்க வேண்டாம், ஸ்டோரில் பூட்டி வைப்போம். மனம் உடைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுத்துத் தமிழில் பேசலாம்.

இன்று இரவு வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நமது வீட்டில் ஓய்வில்லாமல் உழைப்பது யார்? அவருடைய வேலையில் எதை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம்?
2. நமது முக்கியமான பத்திரங்கள் எங்கே இருக்கின்றன?
3. மனசு விட்டுப் போனால் முதலில் யாரிடம் சொல்வோம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத வீடு இருந்தால், தயவுசெய்து என்னிடம் வாருங்கள். அல்லது ஆள் அனுப்புங்கள், நானே வருகிறேன்.

உங்கள்
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்