எர்ணாவூரை விட்டுப் போகலாமா?

கேள்வி: எர்ணாவூரில் வசிக்கிறேன், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினோம். எட்டு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். செய்யாற்றுக்கு அருகே எங்கள் ஊரில் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவில் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. ‘வேலையை விட்டுவிட்டு வந்துவிடு’ என்கிறார் அண்ணன். போய்விடலாமா?
- ஒரு வாசகர், எர்ணாவூர்

பதில்: சென்னைக் கடற்கரையிலிருந்து ஜனங்கள் அஞ்சி உள்நாட்டுக்குப் புறப்பட்டது இது முதல் தடவையன்று. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோதும், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவர் என்ற பீதியில் சர்க்கார் அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாறியபோதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமங்களை நாடியவர்கள் ஏராளம். ஆபத்து நீங்கியதும் பலர் திரும்பியும் வந்தனர். ஆனால் தங்கள் அச்சம் அவ்விதம் வந்து போவதன்று. குழாய்களும் ஆலைகளும் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன; ஆகையால் அதை வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனினும், தங்கள் கடிதத்தில் மகனுடைய மூச்சும் அண்ணனுடைய அழைப்பும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. முன்னதற்காக எர்ணாவூரை விட்டு விலகுவது அவசரம். பின்னதற்காக உத்தியோகத்தை விடுவது அவசரமன்று. மெட்ரோ ரயில் 2021-இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டபடியால், ஆலைகளுக்குத் தொலைவான ஒரு பகுதியில் வாடகைக்குக் குடியேறி, அங்கிருந்து தாங்கள் வேலைக்குச் சென்றுவருவது சாத்தியமே. அதற்கு முன், ஸ்டான்லி மருத்துவமனையில் பையனைக் காட்டி, இளைப்பு எந்த மாதங்களில், எதனால் மிகுகிறது என்று கேளுங்கள். கிராமத்துக் காற்றிலும் நெல் அடிக்கும் தூசியும், விறகடுப்புப் புகையும், கரும்புத் தோகை கொளுத்தும் நாற்றமும் உண்டு என்பதை அவனுக்காக முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இனி நிலம். மூன்று ஏக்கரில் தங்கள் பாகம் ஒன்றரை. செய்யாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் ஆறு. அந்தப் பக்கத்து விவசாயம் ஏரியையும் கிணற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நடப்பது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசந்தான், ஆனால் புதிய இணைப்புக்கு மனுச் செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஏரி நிரம்பிய வருஷத்தில் நெல்லும் வேர்க்கடலையும் தங்களைக் கைவிடா. நிரம்பாத வருஷத்தில், மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் இல்லாத நால்வர் குடும்பம் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு எவ்விதம் ஜீவிக்கும் என்பதற்கு, அண்ணன் அன்போடு அழைப்பது ஒன்றே பதிலாகிவிடாது. அவருடைய கடந்த ஐந்து வருஷத்து வரவுசெலவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டறியுங்கள். கிணற்றில் சித்திரையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். தொழிற்சாலையை விட்டு ஓடுவதாக எண்ணி அங்கே போவதும் முழுமையாகப் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம்: செய்யாறு சிப்காட் விஸ்தரிப்புக்காக மேல்மாவைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலத்தை எடுப்பதை எதிர்த்து, 2023-இல் அவ்வட்டார விவசாயிகளே போராட வேண்டியிருந்தது. தங்கள் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை எக்காரணத்தாலும் பள்ளி மாற்ற வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்றவளாயின், மருத்துவப் படிப்பில் அத்தகைய மாணவர்களுக்குரிய 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதி பெறுவாள். இடையில் தனியார் பள்ளியில் சேர்த்தால் அது போய்விடும்.

தங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, அதில் இல்லாத ஒன்று. அண்ணன் சொன்னது இருக்கிறது. மனைவியார் என்ன சொல்கிறார் என்பது இல்லை. தெருவெல்லாம் தெரிந்த வாடிக்கைக்காரர்களைப் பல ஆண்டு உழைப்பினால் சேர்த்த ஒரு பெண், கணவனுடைய ஊரில், கூட்டுக் குடும்பத்தில், தன் கையில் காசில்லாமல் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அவருக்கு மனமில்லையென்றால் இந்தப் பிரயாணம் வேண்டாமென்றே சொல்வேன். நகருக்குள் இடம் மாறுவதற்கும் அவரையே முதலில் கேளுங்கள்.

அவர் சம்மதித்தாலும், மகள் படிப்பு முடியும்வரை வேலையிலேயே இருந்து, விடுமுறைகளில் ஒரு போகம் அண்ணனோடு சேர்ந்து பயிரிட்டுப் பாருங்கள். அதற்குள் பாகப்பிரிவினையைப் பத்திரமாகப் பதிவு செய்து, தங்கள் பெயரில் தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பி இருவரும் நல்லவர்களாக இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய காரியம் அது.