உயிரணுவின் கைப்பொருள்

அடுப்பில் இட்ட விறகு, தன்பால் அடங்கிய ஆற்றலையெல்லாம் அனலாக வெளிவிட்டு எரிகின்றது. மாந்தர் உண்ணும் சோறும் உடலினுள் பிராணவாயுவோடு கூடி எரிவதே. முடிவில் எஞ்சுவன அடுப்பிற்போலவே கரியமிலவாயுவும் நீருமாம். ஆயினும் உடல் தீப்போற் கொதிப்பதில்லை. சோற்றினின்று பெற்ற ஆற்றலால் கை எழுதுகின்றது, கண் காண்கின்றது, நெஞ்சம் இடையறாது துடிக்கின்றது. எரிகின்ற பொருள் ஒன்று. தொழில் புரியும் உறுப்பு வேறொன்று. இவ்விரண்டினையும் இணைப்பது யாது என்னும் வினாவிற்கு அறிஞர் பல்லாண்டு விடை தேடினர்.

ஆற்றலைச் சேமித்து வைக்கும் பொருள்கள் உடலில் உள்ளன. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலையும், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றலையும் கொண்டுள்ளன. நெடுந்தொலைவு பறந்து செல்லும் பறவைகள் கொழுப்பைச் சுமந்து செல்வது இது பற்றியே. இருந்த இடம் விட்டுப் பெயராத உருளைக்கிழங்கிற்கோ மாவே போதும். எனினும், குதிர் நிறைய நெல் வைத்திருக்கும் உழவனும் சந்தையில் உப்பும் புளியும் வாங்கக் காசு முடிந்துகொண்டன்றோ செல்கின்றான்? உயிரணுவும் தன் சேமிப்பை அவ்வப்போது காசாக மாற்றிக்கொண்டே செலவிடுகின்றது. அக்காசின் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்பது, சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். அதனைக் கண்டெடுத்தவருள் ஒருவர் சென்னையில் மருத்துவம் கற்றவர்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். மருத்துவக் கல்லூரியிற் பயின்றபொழுது காந்தியடிகளின் அழைப்பிற்கு இணங்கிக் கதராடை அணிந்து சென்றார். அறுவை மருத்துவம் கற்பித்த ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. கதரே அதற்குக் காரணம் என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

பின்னர் அவர் கடல் கடந்து பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாக ஊழியம் செய்துகொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே சைரஸ் பிஸ்க் என்பாருடன் கூடி, குருதியிலும் தசையிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் வகுத்தார். கரைசலில் தோன்றும் நீலநிறத்தின் செறிவைக் கொண்டு பாஸ்பரஸின் அளவை அறிவது அம்முறை. தசைச் சாற்றை அவ்வாறு சோதித்தபொழுது நீலம் உடனே நிறைவுறாது, சிறிது சிறிதாகவே ஏறிற்று. முறையிலுள்ள குறை என்று பிறர் விட்டிருத்தல் கூடும்; அவ்விருவரும் விடவில்லை. எளிதிற் பிளவுபடும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று தசையில் மறைந்திருப்பதே அத்தாமதத்திற்குக் காரணம் எனத் தெளிந்தனர். அதுவே 1927-இல் அவர்கள் உலகிற்கு உரைத்த கிரியேட்டின் பாஸ்பேட்டு. தசை உழைக்குங்கால் அது குறைந்தது. இளைப்பாறுங்கால் மீண்டும் பெருகிற்று. இரண்டாண்டு கழித்து, 1929-இல், ஏ.டி.பி.யும் அவர்கள் கைக்கு எட்டியது. அவ்வாண்டிலேயே செருமனி நாட்டில் கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டறிந்தார்.

இக்கண்டுபிடிப்பு அந்நாளிற் பெருமதிப்புப் பெற்றிருந்த கொள்கையொன்றை அசைத்தது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் என்பது ஆட்டோ மேயராப் என்னும் பேரறிஞரின் துணிபு. தசை பற்றிய ஆய்விற்காக 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவர். 1930-இல் டென்மார்க்கு நாட்டு ஐனார் லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் தோன்றாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குவதைக் காட்டினார். அத்தசையிற் குறைந்தது கிரியேட்டின் பாஸ்பேட்டே. மேயராப் அதனை ஏற்றுத் தம் கொள்கையைத் திருத்திக்கொண்டார். பரிசு பெற்ற கொள்கையைக் கைவிடுதல் எளிய செயலன்று.

ஏ.டி.பி. மூலக்கூற்றில் மூன்று பாஸ்பேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. கடைசிப் பாஸ்பேட்டு நீருடன் வினைபுரிந்து பிரியுங்கால், ஒரு மோலுக்கு ஏறத்தாழ 7.3 கிலோகலோரி ஆற்றல் கிடைக்கின்றது. பிணைப்பை முறிப்பதே ஆற்றலைத் தருவதாகச் சிலர் எழுதுவர், அது பொருந்தாது. பிரிந்த கூறுகள் முன்னினும் நிலைத்த தன்மையை எய்துவதனால் விடுபடும் ஆற்றலே அது. எஞ்சிய ஏ.டி.பி. இரண்டு பாஸ்பேட்டே உடையதாய், ஏ.டி.பி. என்னும் பெயரை இழந்து அடினோசின் டைபாஸ்பேட்டு ஆகின்றது. செலவழிந்த அக்காசிற்குக் கிரியேட்டின் பாஸ்பேட்டு தன் பாஸ்பேட்டைக் கைம்மாற்றாகக் கொடுத்து உடனே மதிப்பூட்டுகின்றது. விரைந்தோடும் வீரனுக்குப் பத்து வினாடி அளவிற்கே அக்கைம்மாற்றுப் போதும். பின்னர்க் குதிரைத் திறந்தே ஆகவேண்டும்.

குதிரைத் திறப்பதாவது சர்க்கரையை எரிப்பது. பிராணவாயு இல்லாதவழி ஒரு குளுகோஸ் மூலக்கூறு இரண்டே ஏ.டி.பி.யைத் தரும், பிராணவாயுவோடு முற்றும் எரியுமாயின் ஏறத்தாழ 30 கிடைக்கும். இப்பெருவருவாய் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் நிகழ்வது. உணவினின்று பெற்ற ஆற்றல் அவற்றின் உட்சவ்விற்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளித் தேக்குகின்றது. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து உருளையைச் சுழற்றுமாறு போல, அவ்வயனிகள் திரும்பப் பாய்ந்து ஒரு புரதச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. பிறக்கும். பீட்டர் மிச்செல் இத்தேக்கத்தைப் பற்றி 1961-இல் எழுதியபொழுது பலர் நம்பவில்லை. அவர் தாமே அமைத்த சிறிய ஆய்வகத்திலிருந்து வாதிட்டு, 1978-இல் நோபல் பரிசு பெற்றார். 1997-இல் சப்பானிய அறிஞர் அச்சக்கரம் சுழல்வதை நுண்ணோக்கியிற் கண்ணாரக் கண்டனர்.

ஓய்ந்திருக்கும் மனிதனது உடலும் ஒரு நாளில் ஏறத்தாழ 40 கிலோகிராம் ஏ.டி.பி.யைச் செலவிட்டு மீண்டும் ஆக்கிக்கொள்கின்றது. ஒரு வேளையில் உடலில் இருப்பதோ கால் கிலோகிராமிற்கு மேற்படாது. ஆதலின் இச்சுழற்சி சிறிது தடைப்படினும் பொறுக்கலாகாது. சயனைடு நஞ்சு கொல்வது, பிராணவாயு இருந்தும் அதனை உயிரணு பயன்கொள்ளாதபடி செய்வதனாலேயே. இறந்தார் உடல் சில மணி நேரத்தில் விறைப்பதும் ஏ.டி.பி. அற்றதன் விளைவே: தசையின் இழைகள் ஒன்றைவிட்டொன்று விலகுவதற்கும் அக்காசு வேண்டும்.

சுப்பாராவுக்கு ஆர்வர்டு நிலையான பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்த அவர், யானைக்கால் நோய்க்குரிய மருந்து உள்ளிட்ட பலவற்றை ஆக்கும் பணியை நடத்தி, 1948-இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில், பால்டிமோர் நகரத்து அறிஞர் வில்லியம் மெக்கெல்ராய், மின்மினியின் ஒளிக்கு மூலம் யாது என ஆராய்ந்தார். நூறு மின்மினிக்கு 25 சென்டு என விலை பேசி, அந்நகரத்துச் சிறுவரைக்கொண்டு அவற்றைத் திரட்டினார். அவற்றின் ஒளியுறுப்பை அரைத்தெடுத்த சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. அவ்விருண்ட சாற்றில் அவர் ஏ.டி.பி.யைச் சேர்த்தார், அது மீண்டும் ஒளிர்ந்தது.