ஒருவர் போதும்

நுழையும் முன்
தனித்திருக்கும்போது செய்யத் துணியாத செயலை, நண்பர்கள் சூழ இருக்கும்போது ஒருவர் எளிதாகச் செய்துவிடுவது ஏன்? அதிலிருந்து விலகி நிற்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை காண இப்பாடம் துணைசெய்யும்.

பதின்பருவம் நட்பை நாடும் பருவம். பெற்றோரின் கைபிடித்து நடந்த குழந்தை, இப்பருவத்தில் தோழர்களின் தோளில் கைபோட்டு நடக்கத் தொடங்குகிறது. இஃது இயல்பான வளர்ச்சியே. தோழரைக் கண்டு விளையாட்டில் சிறந்தோரும் நூல் படிக்கத் தொடங்கியோரும் பலர். ஆயினும், புகையிலைப் பழக்கமும், உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவதும், எளியவரைக் கூடிநின்று கேலி செய்வதும் பெரும்பாலும் நட்பு வட்டத்திற்குள்ளேயே தொடங்குகின்றன.

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஆண்டின் நடுவில் புதிய பள்ளியில் சேரும் மாணவருக்கு இந்நெருக்கடி மிகுதி. அவருக்கு மொழி புதிது, முகங்களும் புதியவை. உணவு இடைவேளையில் உடன் அமர ஒருவரேனும் வேண்டும் என மனம் ஏங்கும். எந்தக் குழு முதலில் அழைக்கிறதோ அதன் போக்கை ஆராயாமல் ஏற்கத் தோன்றும். ‘பயந்தவன்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே, விருப்பமில்லாத செயலுக்கும் அவர் உடன்பட நேரும்.

இவ்வியல்பை ஆய்வாளர் அளந்தும் பார்த்துள்ளனர். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 13 முதல் 16 வயது வரையுள்ளோர், 18 முதல் 22 வயது வரையுள்ளோர், 24 வயதும் அதற்கு மேலும் உடையோர் என மூன்று பிரிவினர் கணினியில் வண்டியோட்டும் விளையாட்டை ஆடினர். தோழர்கள் பார்த்திருக்க ஆடியபோது, இளையோர் தனியே ஆடியதைவிட மிகுதியான ஆபத்தை மேற்கொண்டனர். முதிர்ந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மூளையில் இன்பத்தை நாடும் பகுதி பதின்பருவத்தில் விரைந்து தூண்டப்படுகிறது. எண்ணிப் பார்த்து அடக்கும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதுவே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

இதற்கு முன்னரே, 1950களில் சாலமன் ஆஷ் என்னும் உளவியலறிஞர் வேறொரு சோதனையை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டுக்கு இணையானது எது என்று சொல்ல வேண்டும். குழந்தையும் விடை சொல்லும்! ஆனால், முன்கூட்டியே பேசிவைத்தபடி மற்றவர் அனைவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையேனும் அத்தவற்றையே தாமும் சொன்னார்கள். பின்னர், குழுவில் ஒரேயொருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லச் செய்தபோது, தவறுகள் முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. கூட்டம் மாறவில்லை, துணைக்கு ஒரு குரல் கிடைத்தது, அவ்வளவே.

திருவள்ளுவரும் ‘சிற்றினம் சேராமை’, ‘நட்பாராய்தல்’, ‘கூடா நட்பு’ எனத் தனித்தனி அதிகாரங்கள் அமைத்தார். கூடிச் சிரிப்பதோடு நட்பின் கடமை முடிவதில்லை. நண்பர் நெறி தவறும்போது இடித்துரைப்பதும் நட்பே என்பது அவர் கருத்து.

மாலையில் நான்கு மாணவர்கள் தெருமுனையில் நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் தந்தையின் வண்டிச் சாவியைச் சுழற்றியபடி, “வா, ஒரு சுற்று போய்வரலாம்” என்கிறான். மற்ற மூவருக்கும் உள்ளூரத் தயக்கம். ஆனால், ஒவ்வொருவரும் தாம் மட்டுமே தயங்குவதாக எண்ணி வாய்மூடி நிற்கின்றனர். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. விபத்து நேர்ந்தாலோ, இழப்புக்கு அளவே இல்லை.

அப்போது ஒருவன், “எனக்கு வேண்டாம், நடந்தே போவோம்” என்றால் போதும். நீண்ட அறிவுரை தேவையில்லை. அச்சொல் அவனை மட்டுமன்றி, தயங்கி நின்ற மற்றவரையும் விடுவிக்கும். அதன் பின்னும் நெருக்குதல் தொடர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். இது காட்டிக்கொடுப்பது அன்று, காப்பது.

சொல்லும் பொருளும்
பதின்பருவம் – பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள வயது
சிற்றினம் – தீய குணத்தார் கூட்டம்
இடித்துரைத்தல் – தவற்றைக் கண்டித்துக் கூறுதல்
தண்டம் – அபராதம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: நட்பாராய்தல், இவ்வியல்பு, முதற்கோடு.
2. ஆஷ் நடத்திய சோதனையில் தவறுகள் குறையக் காரணம் யாது?
3. புதிய பள்ளியில் சேர்ந்த மாணவர் எளிதில் பிறர் போக்குக்கு உடன்படுவது ஏன்?
4. உம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவருக்கு நீவிர் எவ்வாறு நல்ல துணையாவீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.