பெட்டி கட்டும் முன் கேளுங்கள்: அங்கே எனக்கு வேலை உண்டா?

கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்றதும் சொந்தபந்தம் முழுக்கக் கேட்பது, “நீ எப்போ கிளம்பறே?” என்றுதான். “அங்கே போய் நீ என்ன வேலை பார்ப்பே?” என்று ஒருவரும் கேட்பதில்லை. மனைவியைத் தொடர்ந்து போகும் கணவர்களுக்கும் இதே கதிதான். இந்தக் கேள்வியை, முன்னே போகிறவர் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். உங்கள் டிபென்டென்ட் விசாவில் சம்பாதிக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் அவருடைய விசாதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அவர் ஹெச்-1பி என்றால் உங்களுக்கு ஹெச்-4. தங்கலாம், படிக்கலாம்; வேலை பார்க்க மட்டும் ஈஏடி என்ற அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து அது கிடைக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. அவருடைய கிரீன் கார்டு வழியில் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த வழியில் அவருக்கு ஆறு ஆண்டைத் தாண்டி ஹெச்-1பி நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். புதிதாகப் போகும் தம்பதிக்கு இது ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு.

அவர் எல்-1 விசாவில் போனால் நிலைமையே வேறு. துணைவரின் ஐ-94 நுழைவுப் பதிவில் ‘எல்-2எஸ்’ என்று குறித்திருந்தால் ஈஏடி இல்லாமலே வேலையில் சேரலாம். 2021 நவம்பரில் வந்த மாற்றம் இது. கடந்த மூன்று ஆண்டுகளில் தொடர்ச்சியாக ஓராண்டாவது அதே நிறுவனத்தின் இந்தியக் கிளையில் மேலாளராகவோ சிறப்பு அறிவு தேவைப்படும் பணியிலோ இருந்தவர் எல்-1 கேட்டுப் பார்க்கலாம். எல்-1 விசாவை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு, தொடக்க ஆண்டுகளில் எல்-1 தான் மேல் என்பேன்.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ வைத்திருப்பவரின் நிரந்தர மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் துணைவருக்கு டிபென்டென்ட் பாஸ். அதைக் காட்டி சம்மதக் கடிதம் வாங்கி வேலையில் சேர்ந்த காலம் 2021 மே 1-ஆம் தேதியோடு பெரும்பாலும் முடிந்தது. வேலை தரும் நிறுவனம் உங்களுக்கென்று தனி பாஸ் எடுக்க வேண்டும். அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சென்னையிலிருந்தே வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

ஜெர்மனி தாராளம். புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை. போனவுடன் எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் கணினித்துறையைத் தாண்டினால் மொழி தெரியாமல் நகர்வது கஷ்டம். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரின் துணைவர் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். சிக்கல், துணைவரை அழைத்துப்போக முடியுமா என்பதில்தான். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்களுக்கு 2024 மார்ச் 11-லிருந்தே குடும்பத்தை அழைத்துப்போகும் வழி அடைபட்டது. பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலைகளுக்கும் 2025 ஜூலை 22-லிருந்து அதே கதி. ஆராய்ச்சி அல்லாத முதுகலை மாணவர்களுக்கும் இந்த வழி 2024 ஜனவரியில் அடைபட்டது. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். போக முடிந்தவர்களும் பெரும்பாலும் தலைக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை மொத்த விசாக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் இதை ஏற்கும், கேட்டால்தான்.

இனி காகிதம். கல்யாணப் பத்திரிகையும் கோயில் ரசீதும் தூதரகத்தில் செல்லாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். நம் இனிஷியல்தான் இதில் பெரிய வம்பு. ஓரிடத்தில் ‘எஸ்’, இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். நேரமிருக்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பார்க்கும் வேலையை விட அவசரம் வேண்டாம். விசா கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதம் மேசை டிராயரிலேயே இருக்கட்டும். அதற்கு முன் ஹெச்ஆரிடம் சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டா, அந்த நாட்டுக் கிளையில் இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.