உள்ளத்திற்குப் பால்வேறுபாடு உண்டோ?

ஆணும் பெண்ணும் இயல்பினால் ஒப்புடையரோ என்னும் வினா இக்காலத்தார் புதிதாய் எழுப்பியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தத்துவ அறிஞர் அதனை ஆராய்ந்தனர். அவர்கள் கைக்கொண்ட ஆராய்ச்சிமுறை எமது வழமைகளைச் சீர்தூக்குதற்கும் உதவுமாதலின், பழைய மாணவராகிய அன்பர்களின் சிந்தனைக்கு அதனை ஈண்டு வைக்கின்றோம்.

1622இல் மாரி த கூர்னே என்னும் பிரான்சிய மாது ஆண் பெண் சமத்துவம் பற்றிச் சிறுநூலொன்று வெளியிட்டார். பண்டை அறிஞர் கூற்றும் கிறித்தவ மறையும் அவருக்குச் சான்றாயின. 1673இல் போலேன் த லா பார் என்பார் வேறுவழியிற் சென்றார். பாரிசில் இறையியல் பயின்ற அவர், டேக்கார்ட்டின் தத்துவத்தில் ஈடுபட்டவர். அறிவுக்குத் தெளிவாகப் புலப்படாத எதனையும், முன்னோர் சொன்னார் என்பதற்காகவே மெய்யெனக் கொள்ளலாகாது என்பது டேக்கார்ட் வகுத்த நெறி. பெண் அறிவிற் குறைந்தவள் என்னும் பழங்கொள்கையை அந்நெறிகொண்டே போலேன் சோதித்தார்.

அவர் கூறிய நியாயங்களுள் மூன்று தலையாயவை. ஒன்று, உள்ளம் உடலின் வேறானது. ஆண் பெண் என்னும் வேறுபாடு உடலைச் சார்ந்தது. ஆதலின் உள்ளத்திற்குப் பால்வேறுபாடு இல்லை. இரண்டு, வழக்கத்தை இயற்கையென மயங்குதல் தவறு; கல்வியை மறுத்துவிட்டுக் கல்லாமையையே குறையாகக் காட்டுதல் நீதியன்று. மூன்று, பெண்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆண்களே. வழக்காளியே நீதிபதியாகவும் அமர்ந்தால் அத்தீர்ப்பை நம்புதல் எங்ஙனம்?

இம்மூன்றாம் நியாயத்தை எம் வடபுலத்துச் சட்டத்தின்மேல் வைத்து நோக்குவோம். போலேனின் நூல் வெளிவந்து 34 ஆண்டுகளின் பின், 1707இல், ஒல்லாந்தர் தேசவழமையைச் சட்டமாக்கினர். கிளாசு ஐசாக்சு என்னும் திசாவை தொகுத்ததைத் தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டனர். தொகுத்தவரும் ஆண், பார்வையிட்டோரும் ஆண்களே.

எனினும் தேசவழமையின் சிறப்பை மறைத்தல் தகாது. பெண் தன் சீதனத்துக்கு உரியவளென அது கொண்டது. இங்கிலாந்திலோ, மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முழுமையாகப் பெற்றாள். ஆயினும் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம், மனைவி தன் காணியைத் தன் வாழ்நாளிற் கைமாற்றுதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதத்தை அது வேண்டவில்லை. காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையது!

வாக்குரிமையிலும் இத்தகைய முரண்பாட்டைக் கண்டோம். 1913இல் இராமநாதன் மகளிர் கல்லூரியை நிறுவிய பெரியார் சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதலை எதிர்த்தார். 1927இல் மகளிர் வாக்குரிமைச் சங்கம் தோன்றி, டொனமூர் ஆணைக்குழுவினர்முன் வாதாடியது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை அளிக்கலாமென ஆணைக்குழு விதந்துரைத்தது. முடிவில் 1931இல் இருபாலார்க்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டிலேயே நேசம் சரவணமுத்து அம்மையார் வடகொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பெண்ணியல்புக்கு ஒவ்வாதென்றது வெறும் வழக்கமே என்பது வெளிப்பட்டது.

இவை ஏட்டளவில் நிற்கும் விடயங்கள் அல்ல. 2009இல் போர் ஓய்ந்தபின், முல்லைத்தீவிலும் வன்னியின் பிற பகுதிகளிலும் கணவர் இருக்குமிடம் அறியாத மனைவியர் பலர் குடும்பபாரத்தைத் தனித்துச் சுமந்தனர். விதைப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தம் சீதனக் காணியையே நம்பியவர்க்கு, காணாமற்போனவரின் சம்மதத்தை எவ்வாறு பெறுவது? நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறச் சட்டம் வழிவைத்தது உண்மையே. ஆயினும் தன் சொத்தை ஆளுதற்கு அவள் ஏன் வழக்காட வேண்டும்? ஏர்பிடித்து வீடுகாத்த அறிவு, உறுதி எழுதுமிடத்தில் மட்டும் குறைந்துவிடுமோ?

எம் கல்லூரியிற் பயின்றோருள் நொத்தாரிசுமாரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் உளர். வழமை என்று ஒன்றை எவரேனும் எம்முன் வைக்கும்போது, இது இயற்கையோ வழக்கமோ, இதனை விதித்தவர் யார், இதனாற் பயன்பெறுபவர் யார் என வினவுதல் கற்றவர் கடன். தேசவழமையைப் போற்றுவோரே அதன் குறையைத் திருத்தவும் முற்படுவாராக.